ஐந்தாவது கையெழுத்து

மார்ச் 9, திங்கள். கடையில், காலை

காற்று இல்லை. பத்து மணிக்கே பனியன் நனைந்தாயிற்று. பெரிய ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்குகிறது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தவக்காலம் இருபதாம் நாள்.

இந்த நோட்டு ஒரு மாணவனின் ரெக்கார்டுக்காக பைண்டிங் செய்தது. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான். வீணாக்குவானேன் என்று வைத்திருந்தேன், சாம்பல் புதனன்று பயன்பட்டது. அன்றைக்கு என் மனைவி மரி வீட்டில் எல்லாருக்கும் ஒறுத்தல், ஈஸ்டர் வரை எதை விடணும் என்று, பிரித்துக் கொடுத்தாள். அவளுக்குக் காபி. ரெஜினாவுக்கு சாக்லெட். ரெஜினா என் தங்கை பிலோமினாவின் மகள். தங்கை மஸ்கட்டில் நர்ஸ், மச்சான் காலமாகி ஒன்பது வருடம். பிள்ளை எங்களோடு முதலியார்பேட்டையில்.

எனக்கு என்ன என்று மரியைக் கேட்டேன்.

"உங்களுக்கு அளப்பு. நாப்பது நாள் கதை அளக்காம இருந்து காட்டுங்க."

"அப்ப நான் என்னத்தப் பேசறது?"

"பேசாதீங்க."

பங்குச் சாமியார் இன்னும் மேல். தினமும் எத்தனை என்று எழுதி வைங்க, தானாகக் குறையும் என்றார். முதல் வாரம் நாளுக்குப் பதினொன்று. இப்போது ஐந்து, ஆறு. இவ்வளவு வேகமாகக் குறைத்தவன் பாண்டிச்சேரியில் இதுவரை கிடையாது. (இது ஒன்று. கணக்கில் சேர்க்கவும்.)

எதிரே காலேஜ் காம்பவுண்டில் புது ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க 'நோக்க வாரம்'. ஒரு பெரிய கை, விரலை நீட்டிக்கொண்டு. கீழே எழுத்து: நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள்? விரல் சரியாக என் நாற்காலியைக் காட்டுகிறது. நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அப்போதும் காட்டுகிறது.

கேட் வாட்ச்மேன் கோபால் டீ வாங்க வந்தவன் நின்று சத்தமாகப் படித்தான்.

"அந்துவான், உன்னத்தான்யா கேக்குறாங்க. இன்னாத்துக்கு இருக்க இங்க?"

"நான் இல்லன்னா இந்தக் காலேஜ் ஓடுமா?"

"ஒரு நாள் இல்லாம இருந்து பாரேன்."

வேலையைப் பார் என்றேன். ஆனால் மனசில் உட்கார்ந்துகொண்டது.

நியாயமாகப் பார்த்தால் நான் ஷட்டரை இறக்கினால் அன்றைக்குக் காலேஜ் படுத்துவிடும். ரெக்கார்டு, ப்ராஜெக்ட், பிட்டு அளவுக்குச் சுருக்கிய நோட்ஸ் (எதற்கு என்று நான் கேட்பதில்லை), ஹால்டிக்கெட், எல்லாம் என் கை வழியாகத்தான். எட்டாங்கிளாஸோடு நின்றவன், இங்கே உட்கார்ந்தபடியே எம்.காம். வரை பார்த்துவிட்டேன். பக்கம் பக்கமாக. படித்தேன் என்று சொல்லவில்லை. பார்த்தேன்.

நோக்க வாரத்துக்குச் சீட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நான் இங்கே இருப்பது ............... க்காக." பிள்ளைகள் நிரப்பிப் பெட்டியில் போடணுமாம். அடித்ததில் ஒன்று மிஞ்சியது. நோட்டுக்குள் வைத்தேன்.

பிற்பகல்

இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி. கவுண்டரில் குனிந்து, குரலைத் தாழ்த்தி.

"மாமா, புதன்கெழம ஃப்ரீயா?"

"எந்த டிபார்ட்மென்ட்?"

"காமர்ஸ். வசந்தா மேடம். வீட்லேர்ந்து ஆளக் கூட்டிட்டு வான்னுட்டாங்க."

"தவக்காலம்மா. ஈஸ்டர் கழிச்சு வா."

"ஈஸ்டர் வரைக்கும் மேடம் சும்மா இருப்பாங்களா மாமா?"

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். பாவமாக இருந்தது. இதற்கு நான் முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

என்னைத் தவிர வேறு யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன். லீவ் போட்ட பிள்ளைகளை, வீட்டாளைக் கூட்டிவா என்பார் மேடம். சில பிள்ளைகளுக்குக் கூட்டிவர ஆள் இருக்காது. அப்பா வெளிநாடு, அம்மா வேலைக்குப் போனால்தான் சோறு, இல்லாவிட்டால் சொன்னால் தோலை உரித்துவிடும் வீடு. அப்போது நான் மாமாவாகப் போவேன். ஒரு பைசா வாங்கியதில்லை, ஒரு டீகூட. வசந்தா மேடத்திடம் மட்டும் நாலு தடவை:

1. பி.யின் மாமா. சுங்க அதிகாரி. சந்தனக் கலர் சட்டை. (பையனுக்கு டெங்கு.)
2. சு.வின் மாமா. காரைக்காலில் கோழிப்பண்ணை. வேட்டி. (பாட்டி சாவு.)
3. கா.வின் மாமா. ரயில்வே. கறுப்புக் கண்ணாடி. (பெண்ணுக்கு மஞ்சள் காமாலை.)
4. எ.யின் மாமா. பிரெஞ்சு பென்ஷன். பெரே தொப்பி. உள்ளே போனதும் "பொன்ழூர் மதாம்." (இது என் உச்சம். ரேயூனியன் தீவில் பதினாலு வருடம் இருந்ததாகச் சொல்லி, அங்கத்து மழையை வர்ணித்தேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.)

நாலு பேருக்கும் கையெழுத்து நான் போட்டதுதான். என் கையெழுத்தைப் பார்த்தால் யாரும் எழுந்து நிற்பார்கள். கீழே ஒரு சுழி, சுழி மேல் கோடு, கோட்டில் இரண்டு புள்ளி. சின்ன வயதில், பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் ஆபீஸில் இருந்தபோது நொத்தேரிடமே கற்றது.

இன்று: 4.

மார்ச் 10, செவ்வாய். கடையில், மதியம்



பதினொன்றரைக்குக் காலேஜ் ஆபீஸ் அட்டெண்டர் ஒரு தாள் கொண்டுவந்தார். வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியல், எல்லா நோட்டீஸ் போர்டுக்கும், பன்னிரண்டு காப்பி. கீழே வைத்து பட்டனை அழுத்தினேன். முதல் காப்பி வந்தது. எடுத்து அடுக்கும்போது கண்ணில் பட்டது. ஏழாவது வரி. பி.காம். இரண்டாம் ஆண்டு. ரெஜினா பி.

மெஷினை நிறுத்தத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. பன்னிரண்டு தடவை வெளியே வந்தாள்.

"இன்னா அந்துவான், பேப்பர் சரியில்லையா?" அட்டெண்டர்.

"இங்க் கொஞ்சம் மங்கல்."

மங்கல் இல்லை. பளிச்சென்று இருந்தது.

கீழே குறிப்பு: சேர்க்கைப் படிவத்தில் உள்ள காப்பாளர் நேரில் வந்து துறைத் தலைவர் முன் கையெழுத்திட வேண்டும். கடைசி நாள் வெள்ளி, மாலை மூன்று மணி. வராவிட்டால் ஹால்டிக்கெட் இல்லை.

காப்பாளர் நான். படிவத்தில் என் போட்டோ ஒட்டியிருக்கிறது. துறைத் தலைவர் வசந்தா மேடம்.

பிள்ளையைத் தினமும் காலையில் நானே ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட்டில் விடுகிறேன். உள்ளே போவதை என் நாற்காலியிலிருந்து பார்க்கிறேன். அப்புறம் எப்படிக் குறையும்? மத்தியானம் பின்பக்க கேட். அதை நான் பார்க்க முடியாது.

சாப்பிடவில்லை. மரி கட்டிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பு அப்படியே இருக்கிறது. மூன்று தடவை ஷட்டரைப் பாதி இறக்கி மீண்டும் ஏற்றினேன். எங்கே போவது என்று தெரிந்தால்தானே போவது. அந்த விரல் வேறு.

டோனர் சொல்லணும். மறந்தேன்.

சாயங்காலம், வீட்டில்

ரெஜினா குளித்துவிட்டு வந்தாள். கழற்றிப் போட்ட செருப்பில் செம்மண். எங்கே என்றேன்.

"என்.எஸ்.எஸ். மாமா. மரம் நட்டோம்."

"தினமுமா நடறீங்க?"

"புதுச்சேரி பூரா நடணும்ல."

சிரிக்காமல் சொன்னாள். இந்தத் திறமை யாரிடமிருந்து வந்தது என்று தெரியும். ஆனாலும் என்னிடமே.

பட்டியலின் காப்பி ஒன்றைக் கூடுதலாக எடுத்து வைத்திருந்தேன். மேஜை மேல் வைத்தேன். பார்த்தாள். தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை.

"எங்க போற?"

 அறைக்குள் போய்விட்டாள். மரி என்னை முறைத்தாள், நான்தான் ஓடிப்போன மாதிரி.

இன்று: 2. இங்க் மங்கல். அப்புறம் தங்கை போன் செய்தபோது "எல்லாம் நல்லா இருக்கோம்."

மார்ச் 11, புதன். வீட்டில், காலை

விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பீச் ரோடு போனேன். காந்தி சிலையிலிருந்து பழைய பாலம் வரை, திரும்பவும், திரும்பவும். நடக்கிறவர்கள் எல்லாம் டாக்டர் சொல்லி நடக்கிறார்கள். நான் மட்டும் சும்மா. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஐம்பது இருக்கும். (ஆறு.)

வந்தால் ரெஜினா அடுப்படியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோசைக் கல்லைப் பார்த்துச் சொன்னாள்.

"உப்பளம் கிரவுண்டுக்குப் போறேன். ஃபுட்பால்."

"யாரு ஆடுறாங்க?"

"நான்."

"எத்தன மாசமா?"

"ரொம்ப மாசமா."

மரி தட்டை வைத்தபடி, "இத சொல்றதுக்கு என்னடி, அடிக்கவா போறோம்?" என்றாள்.

அப்போது ரெஜினா திரும்பினாள்.

"அடிக்க மாட்டார் அத்த. மாமாகிட்ட சொன்னா மறுநாளு நான் இந்தியா டீம்ல இருப்பேன். காலேஜ் பூரா தெரியும். கோபால் அண்ணன் சல்யூட் அடிப்பாரு. நான் பெஞ்ச்லகூட உக்காந்ததில்ல அப்ப. பி.காம். சேந்தப்ப இன்னா பண்ணாரு? ஆடிட்டர் ஆவப்போறான்னு தெரு பூரா. இப்பகூட எதிர்வூட்டு ஆன்ட்டி கேக்குறாங்க, ஆபீஸ் எப்ப போடப்போறன்னு. எனக்கு டெபிட்டு கிரெடிட்டே வரல."

தோசை தீய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

"என்னுதுன்னு ஒண்ணு இருந்துச்சு. அத சொல்லல. அவ்ளோதான்."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்விட்டாள். ஸ்கூட்டர் வேண்டாமாம்.

நான் கடைக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தேன். மறுபடி போகிறேன்.

கடையில், மாலை

யாரைப் பற்றியும் கெட்டதாக அளந்தது கிடையாது நான். ஆளை உயர்த்தித்தான் சொல்லுவேன். ஒரு ஜாண் இருப்பவனை ஒரு முழம் என்றால் அவனுக்குச் சந்தோஷம்தானே. இதற்குப் பயந்து ஒருத்தி ஒளிந்துகொள்வாள் என்று தோன்றியதில்லை.

மிஞ்சிய சீட்டை எடுத்து நிரப்பப் பார்த்தேன்.

நான் இங்கே இருப்பது
- இளைய தலைமுறையின் கல்விக்காக. (ஃப்ளெக்ஸில் போடலாம். நான் சொல்லக் கூடாது.)
- ஜெராக்ஸுக்காக.
- நாலு பிள்ளைகளுக்கு மாமாவாக இருப்பதற்காக. (ஐந்தாவது பிள்ளைக்கு?)
- நாற்காலி இங்கே இருப்பதால்.

எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தேன். சீட்டில் இடம் இல்லை இனி.

கோபால் எட்டிப் பார்த்தான். "இன்னா எழுதற?"

"கணக்கு."

நாளை மேடம். போனால் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். சுங்கம், கோழி, ரயில், பென்ஷன் எல்லாம் ஒரே மூஞ்சி. என் பேச்சை நம்ப மாட்டார். ரெஜினாவுக்கு ஹால்டிக்கெட் கிடைக்காமல் போகும். அதோடு பி., சு., கா., எ. நாலு பேரையும் தோண்டுவார். போகாவிட்டாலும் ஹால்டிக்கெட் போகும். மரியை அனுப்பலாம் என்றால் போட்டோ என்னுடையது. வேறு யாரையாவது ரெஜினாவின் மாமாவாக அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். பத்து நிமிஷம் ஆள் யோசித்தேன். அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது.

இன்று: 2. ஐம்பது தடவை, கணக்கு.

மார்ச் 12, வியாழன். வீட்டில், காலை

சட்டை இல்லை. சந்தனக் கலர் சுங்கம் போட்டது. நீலக்கோடு ரயில்வே. வெள்ளை வேட்டி கோழிப்பண்ணை. கட்டம் போட்டது பென்ஷன். பீரோ முழுக்க மற்றவர்களின் மாமாக்கள்.

"கடைச் சட்டயே போட்டுக்குங்க" என்றாள் மரி. பாக்கெட்டில் டோனர் கறை உள்ளது. போட்டுக்கொண்டேன்.

"அங்க போய் இன்னா சொல்லுவீங்க?"

"தெரியல."

 மரி என் நெற்றியில் சிலுவை போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து போட்டதில்லை.

கடையில், மதியம்

முழுவதையும் எழுதணும், விட்டுப்போகக் கூடாது.

காமர்ஸ் ரூம். வெளியே நாலைந்து பெற்றோர்கள். ஒருவர் லுங்கியோடு, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அப்படியே வந்தவர். என் முறை வந்தது. மேடம் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார்.

"உக்காருங்க. இன்னிக்கு யாருக்கு?"

"ரெஜினா, செகண்ட் இயர். நான் தாய்மாமன் மேடம்."

மேடம் அலமாரியிலிருந்து ஒரு ஃபைல் எடுத்தார். அதிலிருந்து நாலு தாளை மேஜை மேல் வரிசையாக வைத்தார், சீட்டு விளையாடுகிற மாதிரி.

"பேரு நாலு. ஊரு நாலு. வேல நாலு. இந்தச் சுழி மட்டும் ஒண்ணு."

நாலு தாளிலும் சுழி, கோடு, இரண்டு புள்ளி. அழகாகத்தான் இருந்தது. சட்டையை மாற்றத் தெரிந்தவனுக்கு இதை மாற்றத் தோன்றவில்லை. மனசு வரவில்லை என்பதுதான் நிஜம்.

"எங்க கத்துக்கிட்டீங்க இத?"

"நொத்தேர் ஆபீஸ்ல மேடம்."

"அங்க வேல பாத்தீங்களா?"

வாய் வரைக்கும் ஆமாம் வந்தது. டோனர் கறையைப் பார்த்தேன்.

"டீ கொண்டு போய்க் கொடுப்பேன். அவர் கையெழுத்துப் போடறத நின்னு பாப்பேன்."

மேடம் தலையாட்டினார். இதை இதுவரை மரியிடம்கூடச் சொன்னதில்லை.

"இந்தப் பொண்ணுக்கு நெஜமாவே மாமாவா?"

"நெஜமா மேடம்."

"சுங்க அதிகாரியும் நெஜமான்னுதான் சொன்னாரு. குரல்கூட இதே மாதிரி கரகரத்துச்சு."

"ஃபார்ம்ல போட்டோ இருக்கு மேடம்."

"போட்டோ உங்க கடையில எடுத்தது. ஒட்டினது நீங்க. ஃபார்ம் நெரப்பினதும் நீங்கதான், எழுத்து தெரியுது." ஃபைலை மூடினார். "சரி. மாமான்னா தெரிஞ்சிருக்கும். மத்தியானம் பொண்ணு எங்க போகுது?"

"ஃபுட்பால் ஆடப் போகுது மேடம். உப்பளம்."

"எந்த டீம்?"

அப்போது வந்தது பாருங்கள். நாக்கு நுனியில் எல்லாம் வந்து வரிசையாக நின்றது. மாநில அணி. தேசிய முகாம். கோவாவில் தேர்வு, கிளப்காரர்கள் வீடு தேடி வந்தது, பிரான்ஸிலிருந்துகூட ஒருத்தர் விசாரித்தது. ரேயூனியன் மழையை விட நன்றாக வந்திருக்கும்.

"தெரியாது மேடம்."

"எந்த எடத்துல ஆடுது?"

"தெரியாது."

"எவ்ளோ நாளா?"

"ரொம்ப மாசமான்னு சொல்லுச்சு. நேத்துதான் சொல்லுச்சு. நான் பாத்ததில்ல."

"நல்லா ஆடுமா?"

"தெரியாது மேடம்."

 மேடம் நாலு தாளையும் சேர்த்து ஃபைலுக்குள் வைத்தார்.

"இந்த நாலு பேருக்கும் வந்தப்ப நான் கேட்டதுக்கெல்லாம் பதில் வச்சிருந்தீங்க. டெங்குவுக்கு எத்தன பாட்டில் ட்ரிப் ஏறுச்சுன்னுகூட. இங்க வர்ற நெஜ அப்பா அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. மேஜர் சப்ஜெக்ட் தெரியாது, எந்த பஸ்ல வருதுன்னு தெரியாது. இன்னிக்குத்தான் உங்களுக்கும் ஒண்ணும் தெரியல." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நெஜ மாமாதான். போடுங்க."

 சுழி இல்லாமல், ஸ்கூலில் போடுகிற மாதிரி பெயரை மட்டும் எழுதினேன்.

மேடம் சேர்க்கைப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல சுழி இருக்கே. ரெண்டும் ஒத்துப்போகலன்னா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிருவாங்க."

போட்டேன். கோடும் போட்டேன். புள்ளியும்.

"இது மட்டும் பத்தாது. கோச்கிட்டேர்ந்து லெட்டர் வேணும், விளையாட்டுக்குப் போன நாளெல்லாம் வந்த நாளாச் சேக்கலாம். நாளைக்கு மூணு மணிக்குள்ள. உள்ளத எழுதுன லெட்டர்."

எழுந்தேன். கதவருகே போனபின் கேட்டேன், அந்த நாலு பிள்ளைகள்?

"நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க." அப்புறம், "ரயில்வேன்னு கறுப்புக் கண்ணாடி மாட்டிட்டு வந்தீங்களே, அந்தப் பொண்ண வெளிய வராண்டாவுல நிக்க வச்சு அரை மணி நேரம் திட்டுனீங்க. எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அது ஒரு நாளும் லீவ் போடல" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அரை மணி நேரம் இல்லை. பத்து நிமிஷம்தான். மேடமும் அளக்கிறார். சொல்லவில்லை.

இன்று: 0 இதுவரை. மணி ஒன்றே முக்கால்.

மாலை, உப்பளம் கிரவுண்டு வாசலில்

செம்மண். பெண்கள் இருபது பேருக்கு மேல். ரெஜினா கூம்பு கூம்பாக வைத்ததைச் சுற்றி ஓடுகிறாள். வீட்டில் ஒரு டம்ளர் எடுக்க நாலு தடவை சொல்லணும். இங்கே விசில் அடித்தால் ஓடுகிறாள்.

கோச் ஒல்லியான ஆள், தொப்பி. விஷயத்தைச் சொன்னேன்.

"லெட்டர் தானே. நீங்களே எழுதி எடுத்தாங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன். எனக்கு எழுத நேரமில்ல."

என்னிடமே. வெற்றுத் தாளை நம்பித் தருகிறார்.

"புள்ள எப்படி ஆடுது சார்?"

"நல்லா ஓடும். பந்து காலுக்கு வந்தா பயந்துக்குது. ஞாயித்துக்கெழம மேட்ச். பெஞ்ச்ல வச்சிருக்கேன், மொத தடவ."

ரெஜினா என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தாள், மூச்சு வாங்க.

"இங்க எதுக்கு வந்த? கோச்கிட்ட இன்னா சொன்ன?"

"லெட்டர் கேட்டேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

நம்பவில்லை. நேராகக் கோச்சிடம் போய்க் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஓடப் போய்விட்டாள்.

மார்ச் 13, வெள்ளி. கடையில்

காலையில் முதல் வேலை லெட்டர். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

முதல் முறை: ஒன்றரைப் பக்கம். 'எங்கள் அணியின் முதுகெலும்பு' என்று ஒரு வரி. 'வருங்கால' என்று இரண்டு வரி. படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு நன்றாக இருந்தது. அழித்தேன்.

இரண்டாம் முறை: அரைப் பக்கம். 'மிகச் சிறந்த'வில் 'மிக'வை எடுத்தேன். 'சிறந்த'வையும் எடுத்தேன்.

மூன்றாம் முறை, மொத்தமே நாலு வரி. இந்த மாணவி கடந்த ஜூலை மாதம் முதல் வார நாட்களில் பிற்பகல் எங்கள் பயிற்சிக்கு வருகிறார். (ஜூலை என்று ரெஜினாவிடம் கேட்டு எழுதியது. ஜூலையிலிருந்து நான் பார்க்கவில்லை.) பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறார். அணியில் மாற்று ஆட்டக்காரர். இது அவர் கேட்டதன் பேரில் தரப்படுகிறது.

இவ்வளவு மொட்டையாக நான் எதையும் எழுதியதில்லை. சட்டை போடாமல் தெருவில் நிற்கிற மாதிரி.

பன்னிரண்டரைக்கு உப்பளம். கோச் படித்துவிட்டு, "கரெக்டா இருக்கே" என்றார், ஆச்சரியமாக. சீல் ஆபீஸில், ஆபீஸ் சாவி வேறு ஆளிடம், அவர் சாப்பிடப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரம். உட்கார முடியவில்லை. கேலரிப் படிகளை ஏறி இறங்கினேன். சீல் விழுந்தபோது இரண்டு பத்து. காலேஜ் இருக்கிற ரெட்டியார்பாளையம் வரை மூன்று சிக்னல். ஸ்கூட்டரை இப்படி ஓட்டியதை மரி பார்க்கவில்லை, நல்லது.

இரண்டு நாற்பதுக்கு மேடம் மேஜை. படித்தார். மறுபடி படித்தார்.

"நீங்க எழுதுனதா?"

"ஆமா மேடம்."

"நம்ப முடியல." ஒப்பமிட்டார். ஹால்டிக்கெட் வரும்.

வெளியே வந்தால் வராண்டாவில் ரெஜினா. டோனர் இல்லாத பிரிண்ட் மாதிரி முகம், ஒன்றும் தெரியவில்லை.

"ஆச்சா?"

"ஆச்சு."

"லெட்டர்ல இன்னா போட்ட?"

"மாற்று ஆட்டக்காரர்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். கேட் வரை. "இனிமே கிளாஸ் முடிச்சுட்டு மூணு மணி பஸ்ல போறேன். கோச் ஒத்துக்கிட்டாரு" என்றாள். அப்புறம், "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு மேட்ச். நான் எறங்குவேனான்னு தெரியாது" என்றாள்.

வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

திங்களன்று வந்த பெண் மறுபடி வந்தாள். மாமா வேஷம் கிடையாதம்மா என்றேன். முகம் விழுந்தது. வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடைக்காரனாக வருகிறேன், உன் வீட்டில் வர ஆளில்லை என்று நானே மேடத்திடம் சொல்கிறேன் என்றேன். யோசிக்கிறாளாம்.

இன்று: 1. ட்ராஃபிக் போலீஸிடம், பெண்டாட்டிக்குப் பிரசவம் என்று. மரிக்கு ஐம்பத்து மூன்று. அவரும் சிரித்துவிட்டு விட்டார்.

மார்ச் 14, சனி

நோக்க வாரம் முடிந்தது. ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டார்கள். கோபால் அதை மடித்துத் தன் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறான். விரல் இப்போது வானத்தைக் காட்டுகிறது.

சீட்டுப் பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். என்னுடையது நோட்டிலேயே.

டோனர் வந்தது. மெக்கானிக் வரவில்லை. நாள் முழுக்கக் கோபாலிடம் சொல்ல ரெஜினாவின் மேட்ச் இருந்தது, சொல்லவில்லை. 

"உடம்பு சரியில்லியா அந்துவான்? சத்தத்தையே காணோம்."

"தவக்காலம்."

இன்று: 0. முழு நாள். யாரிடமும் பெருமை பேசவில்லை, அதுதான் கஷ்டம்.

மார்ச் 15, ஞாயிறு. உப்பளம், கேலரி

பூசை முடித்து, மீன் வாங்கிக் கொடுத்து, மூன்றரைக்கே வந்தாயிற்று. வெயில் முகத்துக்கு நேரே. மரி குடை பிடித்திருக்கிறாள், தனக்கு மட்டும். நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பச்சை நம் பிள்ளைகள். எதிர் அணி கடலூர், மஞ்சள். பெஞ்சில் ஐந்து பேர். ஓரத்தில் ரெஜினா. முதுகில் 17.

முதல் பாதி 0 - 1. கடலூர்ப் பெண்கள் முரடு.

பக்கத்தில் ஒருவர், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு. எதிர் அணிக் கோல்கீப்பரின் அப்பாவாம். வந்ததிலிருந்து மகளைப் பற்றியே. மாவட்டம், மாநிலம், அடுத்தது ரயில்வேயில் வேலை உறுதி. பாதிக்கு மேல் அளப்பு, எனக்குத் தெரியாதா. நன்றாக அளக்கிறார். தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

"உங்க பொண்ணு எது?"

"தங்கச்சி பொண்ணு. பதினேழு."

தேடினார். "பதினேழு ஆடலியே?"

"உக்காந்திருக்கு."

"அடிபட்டுருச்சா?"

"இல்ல. மாத்து. மொத தடவ பெஞ்ச்."

மரி குடைக்கு அடியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் கடலையை மென்றார்.

"எறங்குமா?"

"தெரியாது."

"அதுக்கு ஏன் இந்த வெயில்ல வந்து உக்காந்திருக்கீங்க?"

ஒரு வாரமாக எல்லாரும் இதையே கேட்கிறார்கள்.

"அது உக்காந்திருக்கிறதப் பாக்கத்தான்" என்றேன்.

அவர் பொட்டலத்தை நீட்டினார். எடுத்துக்கொண்டேன். மரியும் கை நீட்டினாள். குடை இப்போது கொஞ்சம் என் பக்கம்.

இரண்டாம் பாதி. நம் பக்கத்தில் ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டு ஓடுகிறார்கள். எழுந்திருக்கவில்லை. கோச் திரும்பிப் பெஞ்சைப் பார்க்கிறார். விரலை நீட்டுகிறார்.

ரெஜினா குனிந்து ஷூ கயிறு கட்டுகிறாள். ஏற்கெனவே கட்டியதைத்தான் அவிழ்த்துக் கட்டுகிறாள். நிமிர்ந்து கேலரியில் யாரையோ தேடுகிறாள். பேனாவை மூடணும், கையைத் தூக்கிக் காட்டணும்